மழைக்காலத்துக்கு முன் பைக் டயரை மாற்றத்தான் வேண்டுமா?

"டயர் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்போலிருக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்காக மாற்றுவது வீண் செலவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

டயரிலுள்ள பள்ளங்கள்தாம் சக்கரத்தடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. அவை மழுங்கினால் ரப்பர் சாலையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். மேற்பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. டயரின் வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும்.

வடசென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலையில் முதல் மழையன்று, கன்டெய்னர் லாரிகள் சிந்திய எண்ணெய் வானவில் நிறத்தில் மிதக்கும். போன ஐப்பசியில் தண்டையார்பேட்டை அருகே அதில் என் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. கைக்கெட்டும் தூரத்தில் லாரியின் சக்கரம். அன்று மாலையே மாற்றிவிட்டேன்.

சுரங்கப்பாதைகளில் தேங்கும் தண்ணீருக்கு மட்டும் எந்த டயரும் உதவாது, சுற்றிப் போங்கள்.