பாடம் தெரிகிறது, மார்க் வரவில்லை: ஏ.பி. பயாலஜிக்குக் கடைசி எட்டு வாரம்

உங்கள் மகள் புத்தகத்தை மூன்று முறை முடித்துவிட்டாள், கிரெப்ஸ் சுழற்சியை (செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழியில் ஒரு கட்டம்) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், ஆனால் ஏ.பி. (அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மாதிரித் தேர்வில் 5-க்கு 3-ஐத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான்காவது முறை அந்தப் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். கிரெப்ஸ் சுழற்சியின் படிகளையும் நொதிகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் பாடத்திட்டமே சொல்கிறது. அவள் அதுவரை பார்த்திராத ஒரு பரிசோதனையைக் கொடுத்து, அட்டவணையையும் வரைபடத்தையும் காட்டி, ‘இதிலிருந்து என்ன தெரிகிறது, ஏன்?’ என்று கேட்பதுதான் இந்தத் தேர்வு.

மொத்தம் 3 மணி நேரம். முதல் 90 நிமிடத்தில் 60 மல்டிபிள் சாய்ஸ் கேள்விகள், அடுத்த 90 நிமிடத்தில் 6 எழுத்துக் கேள்விகள். இரண்டுக்கும் சரிபாதி மதிப்பு. தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடக்கூடாது. எழுத்துப் பகுதியில் 2 நீண்ட கேள்விகளுக்குத் தலா 9 மார்க், 4 சிறு கேள்விகளுக்குத் தலா 4. நீண்டதற்கு 25 நிமிடம், சிறியதற்கு 10 என்று பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். 2025 முதல் கேள்விகள் கணினித் திரையில் வருகின்றன. எழுத்து விடைகளை மட்டும் தாளில் கையால் எழுத வேண்டும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சறுக்குவது இந்த எழுத்துப் பகுதியில்தான். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு ஏவல் வினை இருக்கும். ‘விவரி’ என்றால் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும்: ‘60 டிகிரிக்கு மேல் நொதியின் வேகம் குறைகிறது.’ ‘விளக்கு’ என்றால் காரணம் வேண்டும்: ‘வெப்பத்தால் நொதியின் வடிவம் குலைகிறது, ஆக்டிவ் சைட்டில் சப்ஸ்ட்ரேட் பொருந்துவதில்லை, அதனால் வேகம் குறைகிறது.’ (நொதி வேலை செய்யும் பொருள்தான் சப்ஸ்ட்ரேட், அது வந்து பொருந்தும் இடம் ஆக்டிவ் சைட்.) விளக்கச் சொன்ன இடத்தில் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினால் பூஜ்யம்தான். அதற்காகத் தெரிந்ததையெல்லாம் கொட்டி ஒரு பக்கம் நிரப்பினாலும் பயனில்லை. கேட்ட புள்ளி இருக்கிறதா என்றுதான் திருத்துபவர் பார்ப்பார்.

அடுத்த பள்ளம் கணக்கு. 3:1 விகிதம் எதிர்பார்க்கும் ஒரு கலப்பில் 160 செடிகள், அவற்றில் 132 உயரம், 28 குட்டை என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்தது 120, 40. இரண்டிலும் வித்தியாசம் 12, அதன் வர்க்கம் 144. 144-ஐ 120-ஆல் வகுத்தால் 1.2, 40-ஆல் வகுத்தால் 3.6; கூட்டினால் கை-ஸ்கொயர் மதிப்பு (எதிர்பார்த்ததிலிருந்து கிடைத்தது எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 4.8. இரண்டு வகைகள் என்பதால் சுதந்திரப் படி (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 1, கை-ஸ்கொயர் அட்டவணையின் 0.05 வரிசையில் அதற்கான எல்லை 3.84. அதைத் தாண்டிவிட்டதால் நல் ஹைபாதெசிஸை நிராகரிக்க வேண்டும். (பெயரைக் கேட்டு ‘நல்ல’ கருதுகோள் என்று நினைத்துவிடாதீர்கள், ‘வித்தியாசம் இல்லை’ என்னும் கருதுகோள் அது.) எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போடுவது, சுதந்திரப் படியை 2 என எடுப்பது, எல்லைக்குள் வந்தால் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுவது: மார்க் போகும் வழிகள் இவை. ஃபார்முலாத் தாளைத் தேர்விலேயே தருவார்கள், கால்குலேட்டருக்கும் அனுமதி உண்டு. ஆகவே சூத்திரத்தை உருப்போடாமல் கையாளப் பழகட்டும். வாட்டர் பொட்டென்ஷியல் (நீர் எந்தப் பக்கம் நகரும் என்று காட்டும் அளவு) கணக்கில் செல்சியஸோடு 273 கூட்ட மறப்பதும், மைனஸ் குறியை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும்.

வரைபடம் போடச் சொன்னால் இரண்டு அச்சுக்கும் பெயர், அலகு, சம இடைவெளி, எர்ரர் பார் (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் சிறு கோடு) எல்லாம் வேண்டும். தனித்தனி வகைகளை ஒப்பிட்டால் பட்டை, நேரத்தோடு மாறுவதற்குக் கோடு.

எட்டு யூனிட்டுகளில் இயற்கைத் தேர்வுக்குத்தான் அதிக எடை, 13 முதல் 20 சதவீதம். முதல் யூனிட்டான உயிர்வேதியியலுக்கு 8 முதல் 11தான். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் மிகவும் கசங்கியிருப்பது முதல் யூனிட்டாகத்தான் இருக்கும்!

மார்ச் தொடங்கி வாரம் ஒரு நீண்ட கேள்வி, இரண்டு சிறு கேள்விகள். முந்தைய ஆண்டுகளின் எழுத்துக் கேள்விகளும் மதிப்பெண் வழிகாட்டியும் காலேஜ் போர்டு தளத்தில் இலவசம். கடிகாரம் வைத்து எழுதட்டும். மறுநாள் வழிகாட்டியை வைத்துக்கொண்டு நீங்களே திருத்துங்கள். உங்களுக்கு பயாலஜி தெரியாதது இங்கே வசதிதான்: தாளில் இல்லாததை அவள் மனதில் நினைத்திருப்பாள் என்று நீங்களாக நிரப்பிப் படிக்க மாட்டீர்கள்.

இதில் 5 வாங்காவிட்டால் மருத்துவப் படிப்பு போச்சா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவது (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாகக் கணக்கில் எடுப்பது) கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பயாலஜி முன்தேவைக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. 5 வாங்கியவர்களும் அங்கே கல்லூரியில் பயாலஜி படித்தே ஆக வேண்டும். அவள் விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிகளின் கிரெடிட் விதியை இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.