இரண்டு பதிவிலும் ஒரே குழுதான்

2008 கச்சேரிப் பதிவில் ஒரு டிரம்மர், கூடவே பெண் குரல். 2012 பதிவில் இரண்டு டிரம்மர்கள், பெண் குரலே இல்லை, கிதார்காரரும் வேறு. இரண்டும் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிகளை நகலெடுத்து வாசிக்கும் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ராதானா என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம், அவர்கள்தான்.

இதில் உண்மையான ஆள் மாற்றம் கிதாரில் மட்டும்தான். 1997இல் சிகாகோவில் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் காட்லசிக் 2009 கடைசியில் கிளம்பிவிட்டார். கிரேட்ஃபுல் டெட்டின் பாப் வியரும் ஃபில் லெஷும் தங்கள் ஃபர்தர் குழுவுக்கு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நகல் வாசித்தவரை அசல்காரர்களே கூப்பிட்டுக்கொண்டது எனக்கு இன்றும் வேடிக்கைதான்! அவர் இடத்துக்கு வந்தவர் ஜெஃப் மாட்சன்.

மற்ற வித்தியாசமெல்லாம் வேண்டுமென்றே செய்வது. பெரும்பாலான இரவுகளில் டெட்டின் பழைய கச்சேரி ஒன்றை எடுத்து, அதே பாட்டு வரிசையில் வாசிப்பார்கள். அன்று மேடையில் யார் இருந்தார்களோ அதே கணக்கில்தான் ஆட்களும். அசல் குழுவின் இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் விலகி 1974 அக்டோபரில்தான் திரும்பினார். பாடகி டோனா ஜீன் குழுவில் பாடியது 1972 முதல் 1979 தொடக்கம் வரை. அப்படிப் பார்த்தால் உங்கள் முதல் பதிவு 1972–74 கச்சேரி, மற்றது 1971 பிப்ரவரிக்கு முந்தையது அல்லது 1979 தொடக்கத்துக்குப் பிந்தையது.

பதிவைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். எந்தத் தேதி, எந்த ஊர்க் கச்சேரி என்று முடிவில் அவர்களே சொல்வது வழக்கம். யாரோ கைதட்டலோடு வெட்டியிருந்தால்தான் சிக்கல்.