மடகாஸ்கர் தலைநகர் அண்டனானரிவோவில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. எந்த அரண்மனையைப் பார்க்கலாம்?

காலையில் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ராஜ கோட்டையான அம்புஹிமங்கா, சாயங்காலம் ஊருக்குள் இருக்கும் ரூவா. நான் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அம்புஹிமங்காவைச் சரியாகப் பார்க்க இன்னொரு நாள் மறுபடியும் டாக்சி பிடித்தேன்.

(எழுத்தில் 'ரோவா' என்றுதான் இருக்கும். மலகாசி மொழியில் 'ஓ' வந்தால் 'ஊ' என்று படிக்க வேண்டும். டாக்சிக்காரரிடம் "ரோவா, ரோவா" என்று தொண்டை வறளக் கத்திய பிறகு தெரிந்துகொண்டது.)

ரூவா என்பது மலையுச்சியில் இருக்கும் அரண்மனைக் கோட்டை. ஊருக்குள் எங்கே நின்று நிமிர்ந்தாலும் தெரியும். பெரிய அரண்மனைக்குப் பெயர் மன்ஜாகமியாதனா, அதாவது 'நிம்மதியாக ஆளும் இடம்'. முதலாம் ரனவலோனா ராணிக்காக 1839-ல் லபோர்த் என்ற பிரெஞ்சுக்காரர் மரத்தில் கட்ட ஆரம்பித்தார். 1860களில் ஜேம்ஸ் கேமரன் அதைச் சுற்றிக் கல்லால் உறை போட்டார் (சினிமாக்காரர் இல்லை, ஸ்காட்லாந்து மிஷனரி). 1995 நவம்பர் 6 அன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த மரமெல்லாம் சாம்பல். கல் மட்டும் நின்றது. இப்போது பார்ப்பது மீட்டுக் கட்டியது. பக்கத்திலேயே 2020-ல் ஒரு காங்கிரீட் அரங்கம் வேறு கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கண்ணை உறுத்தியது. மேலிருந்து ஊரைப் பார்க்கவாவது ஏறலாம்.

கொஞ்சம் கீழே இளஞ்சிவப்பாக நிற்பது பிரதமர் ரைனிலையாரிவோனியின் மாளிகை. மனிதர் மூன்று ராணிகளை ஒருவர் பின் ஒருவராகக் கட்டிக்கொண்டு பதவியில் நீடித்தவர். வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

சரி, அம்புஹிமங்கா. நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வாசலிலேயே ஒரு பிரம்மாண்டமான வட்டக்கல் சாய்ந்து நிற்கும். அந்தக் காலத்துக் கதவு அதுதான், ஆட்கள் சேர்ந்து உருட்டித்தான் மூடுவார்களாம். மதில் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு.

உள்ளே 1787 முதல் 1810 வரை ஆண்ட அந்திரியனம்புய்னிமெரினாவின் வீடு. அரண்மனை என்று நினைத்துப் போனால் ஒரே ஓர் அறை! கறுத்த மரச்சுவர், அடுப்புக் கற்கள், வடகிழக்கு மூலையில் ஆளுயரத்துக்கு மேல் ராஜாவின் கட்டில். அந்த மூலை முன்னோர்களுக்கு உரியது. நம் ஈசானிய மூலை மாதிரிதான். நடுவில் ஒற்றை ரோஸ்வுட் தூண், பத்து மீட்டர் உயரம். யாராவது பார்க்க வந்தால் ராஜா அதில் ஏறி உத்தரத்தில் ஒளிந்துகொள்வாராம். வந்தவர் வேண்டியவர் என்றால் ஒரு கூழாங்கல்லைக் கீழே போடுவார், அது மனைவிக்குச் சைகை. வழிகாட்டி சொன்ன கதைதான், ஆனால் இருட்டில் அண்ணாந்து பார்த்தபோது நம்பத் தோன்றியது.

இது வெறும் காட்சிப்பொருள் இல்லை, சனங்கள் இன்றும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். 1897-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்த ராஜ சமாதிகளை இடித்து, உடல்களை ரூவாவுக்குக் கொண்டுபோனதே அந்த பக்தியை உடைக்கத்தான். சமாதிப் பக்கம் விரல் நீட்டிக் காட்டாதீர்கள், அங்கே அது தோஷம். எங்கள் வழிகாட்டி விரலை மடக்கி முட்டியால்தான் காட்டினார்.

வீட்டுக்குள் வலது காலை வைத்துத்தான் நுழைய வேண்டும். அது நமக்குப் பழக்கம்தான். வெளியே வரும்போது முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வரச் சொல்வார்கள், நிலைப்படி உயரம். நான் குதிகாலை இடித்துக்கொண்டேன்.