விழுந்தவரை உடனே தூக்கலாமா?

கேள்வி: போன மாதம் எங்கள் தோப்பில் தேங்காய் பறிக்க ஏறியவர் பாதி மரத்திலிருந்து விழுந்துவிட்டார். நினைவு இருந்தது, முதுகு வலிக்கிறது என்றார். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். அப்படித் தூக்கியிருக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அப்புறம் என்னதான் செய்திருக்க வேண்டும்?
– வாசகர், பொள்ளாச்சி

கண்முன்னே ஒரு மனிதர் விழுந்து கிடக்கும்போது யாருக்குமே கை சும்மா இருக்காது, அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் மருத்துவமனையில் சொன்னது சரிதான். முதுகெலும்புக்குள்ளே தண்டுவடம் என்ற நரம்புக் கொத்து ஓடுகிறது. விழுந்த வேகத்தில் எலும்பு மட்டும் உடைந்து, தண்டுவடம் தப்பித்திருக்கலாம். கையை இருவர், காலை இருவர் பிடித்துத் தூக்கும்போது உடம்பு நடுவில் தொட்டில் மாதிரி வளைகிறது, அப்போது உடைந்த எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்கிவிடலாம். ஆட்டோவில் உட்காரவைத்தால் தலை, தோள் பாரமெல்லாம் அந்த உடைந்த இடத்தின் மேல்தான் இறங்கும், வேகத்தடைக்கு வேகத்தடை குலுங்கும் வேறு. விழும்போது அசைந்த கால், ஆஸ்பத்திரி வாசலில் அசையாமல் போவது இப்படித்தான்.

இனி இப்படி நடந்தால் முதலில் ஒருவர் 108-க்குப் பேசட்டும். இன்னொருவர் அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை இரு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். “அண்ணே, தலையை ஆட்டாதீங்க, வாயால மட்டும் பதில் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்: கழுத்து வலிக்கிறதா, கை விரலை மடக்க முடிகிறதா, கால் கட்டைவிரலை ஆட்ட முடிகிறதா, எங்கேயாவது மரத்துப்போயிருக்கிறதா? எல்லாம் அசைகிறது என்று அவர் சொன்னாலும், உயரத்திலிருந்து விழுந்து முதுகோ கழுத்தோ வலித்தால் முதுகெலும்பு உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே விடுங்கள். வெயில் அடித்தால் குடை பிடியுங்கள், நீங்களே எழுப்பி நிழலுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

நடுவில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும், புரட்டித்தான் ஆக வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர்தான் அப்போது மேஸ்திரி. மற்ற மூன்று பேர் ஒரே பக்கமாக மண்டியிட்டு, ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் ஒருவர் முழங்காலையும் பிடித்துக்கொள்ள, அவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி தலையும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் திரும்ப வேண்டும்.

தோப்புக்குள் ஆம்புலன்ஸ் வராது என்றால்? 108-ல் பேசுபவரிடம் அதைச் சொல்லுங்கள், அவர்களே ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நடந்து வருவார்கள். அதற்கும் வழியே இல்லாத இடத்தில் மட்டும், அகலமான பலகையோ கழற்றிய கதவோ கொண்டுவந்து, சொன்ன மாதிரி உருட்டி அடியில் நுழைத்து, தலைக்கு இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, உடம்பைப் பலகையோடு கட்டி, குட்டியானை வண்டியில் படுத்த வாக்கிலேயே மெதுவாகக் கொண்டுபோங்கள். கயிற்றுக் கட்டில் வேண்டாம், அதுவும் நடுவில் தொய்யும்.

கேள்வி: பைபாஸில் பைக் விபத்து. ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஹெல்மெட்டோடு பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். எல்லோரும் கத்துகிறவரிடமே ஓடினோம். ஹெல்மெட்டைக் கழற்றலாமா, தண்ணீர் தரலாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.
– வாசகர், திண்டிவனம்

கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது, அதனால்தான் கத்த முடிகிறது. முதலில் பார்க்க வேண்டியது சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான். அதற்கும் முன்னால் உங்கள் வண்டியை ஓரங்கட்டி எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் ஓரமாக நின்று, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டட்டும். உதவப் போனவர் மேலேயே லாரி ஏறிய கதைகள் உண்டு.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா, அவர் வாயருகே காதை வைத்து நெஞ்சைப் பாருங்கள், பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து திணறுவது மூச்சில் சேராது. மூச்சு இல்லையென்றால் நடுநெஞ்சு எலும்பின் மேல் இரு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யலாம்.

மூச்சு இருந்து, ஆனால் குறட்டை மாதிரி சத்தம் வந்தால் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கு உள்ளே விழுந்து அடைக்கிறது. தலையை அண்ணாத்தாமல், இரண்டு தாடைக் கோணத்திலும் விரல் கொடுத்துத் தாடையை முன்னால் தூக்கினாலே பெரும்பாலும் வழி திறக்கும். ஹெல்மெட் விஷயத்திலும் கணக்கு மூச்சுதான். கண்ணாடியை மேலே தள்ளினால் முகம் தெரிகிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஹெல்மெட் அப்படியே இருக்கட்டும். மூச்சு நின்றாலோ வாந்தி அடைத்தாலோ கழற்றத்தான் வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் பட்டையை அவிழ்த்து ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து, மெல்ல நேராக இழுக்க வேண்டும். கழுத்துக்கு ஆபத்து இருக்கலாம், ஆனால் மூச்சில்லாமல் அவருக்கு மிச்சமிருப்பது சில நிமிடங்கள்தான்.

தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம், நினைவில்லாதவர் தொண்டையில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். நினைவோடு இருப்பவருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. தலையில் அடிபட்டு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் போகவில்லை. அதனால் ஒரு பயனும் இல்லை. சுற்றியுள்ள கல்லையும் கம்பியையும் அகற்றுங்கள், கையை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வலிப்பு நின்றதும் முதலில் மூச்சைப் பாருங்கள்.

கேள்வி: உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்கிறாரே என் கணவர்?
– வாசகி, தேனி

இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானது, இப்போது சட்டம் உங்கள் பக்கம். உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிமுறைகளை எல்லோரும் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள். பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது.

கேள்வி: ரத்தம் நிற்க காபித்தூள் வைக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

கூடாது, மஞ்சள் தூளும் கூடாது. சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், நனைந்தால் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். கண்ணாடியோ கம்பியோ ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்காமல், அதைச் சுற்றி அழுத்தி அப்படியே கொண்டுபோங்கள், ஏனென்றால் அதுவே அங்கே அடைப்பாக இருக்கலாம்.

கேள்வி: 78 வயது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வீட்டில் நான் ஒருத்திதான். இழுத்துத் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை, என் முதுகும் பிடித்துக்கொண்டது.
– வாசகி, அம்பத்தூர்

பாவம், தனியாக எவ்வளவு பதறியிருப்பீர்கள். இனி தூக்க முயல வேண்டாம் அம்மா, முதலில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், இடுப்பு மூட்டு அருகே எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே விட்டு, மேலே போர்வை போர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கும் பெரிய வலி இல்லை, காலும் சரியாக இருக்கிறது, தெளிவாகவும் பேசுகிறார் என்றால் அவரையே எழ வையுங்கள்: ஒருக்களித்து, பிறகு குழந்தை தவழ்வது போல முட்டி போட்டு, முன்னால் நீங்கள் வைக்கும் நாற்காலியில் கையூன்றி எழட்டும். நாற்காலி நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.

தலை இடித்திருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள். உள்ளே கசிவு மெதுவாகவும் வரும். போகும்போது மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.