பெடல் ஸ்டீலுக்கு ஆம்பில் டோன் வைப்பது: கேட்டவையும் சொன்னவையும்

பெடல் ஸ்டீல் (படுக்கவைத்து, உலோகத் துண்டைக் கம்பி மேல் வழுக்கி, பெடலை மிதித்துச் சுருதி மாற்றி வாசிக்கும் கிதார்) வாசிப்பவர்களிடம் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அண்ணா, என்னிடம் பீவி நாஷ்வில் 112 இருக்கு. சுத்தி வளைக்காம எந்த நாபை எங்கே வைக்கணும்னு சொல்லிடுங்க.

சரி. லோ (கீழ் ஒலி), ஹை (கூர்மையான ஒலி), பிரசென்ஸ் (உச்சக் கூர்மை), மிட் (நடு ஒலி) எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு ஷிஃப்ட் நாபிலிருந்து தொடங்குங்கள். அந்த ஆம்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. மிட்டை எவ்வளவு ஏற்றலாம், இறக்கலாம் என்பதை மிட் நாப் பார்த்துக்கொள்ளும். எந்த அலைவரிசையில் என்பதை ஷிஃப்ட் சொல்லும். மிட்டை வேண்டுமென்றே முழுக்க ஏற்றிக்கொண்டு, மூன்றாவது, நான்காவது கம்பிகளைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வாசித்தபடியே ஷிஃப்டை மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் சளி பிடித்தவர் மூக்கால் பாடுவது போல அசிங்கமாகக் கேட்கும், அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் அது 800 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும். இப்போது மிட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, அதற்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மூக்கடைப்பு போனதும் கையை எடுத்துவிடுங்கள். பலர் இங்கே அடி வரை இறக்கிவிடுகிறார்கள், அதன் விளைவு இன்னொருவர் கேள்வியில் கீழே வருகிறது. நாஷ்வில் 400 வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

வீட்டில் தேன் மாதிரி இருக்கு. மேடையில் அதே செட்டிங் காதைக் குத்துது, கீழே குமுகுமுன்னு இருக்கு. ஆம்ப் கெட்டுப்போச்சா?

ஆம்பில் கோளாறு இல்லை, காது அப்படித்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸும் (கீழ் ஒலி) உச்ச ட்ரெபிளும் (கூர்மையான ஒலி) நமக்குக் குறைவாகவே கேட்கும், அதனால் வீட்டில் இரண்டையும் நம்மை அறியாமல் ஏற்றிவிடுவோம். மேடையில் வால்யூமைக் கூட்டியதும் காது அவற்றை முழுசாகப் பிடித்துக்கொள்ளும், அப்போது நாம் ஏற்றியது அத்தனையும் திரும்பி வந்து அடிக்கும். நானும் ஒருமுறை படுக்கையறையில் வைத்த டோனோடு போய், முதல் பாட்டிலேயே முன்வரிசையில் இருந்தவர் காதைப் பொத்தியதைப் பார்த்து நொந்திருக்கிறேன். மேடைக்கான டோனை மேடைச் சத்தத்தில்தான் வைக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். அப்புறம், ஆம்பை எங்கே வைக்கிறீர்கள்? தரையில், கால் பக்கத்தில் என்றால் ட்ரெபிள் முழுக்க உங்கள் முழங்காலுக்குப் போகிறது. கூர்மையான ஒலி ஸ்பீக்கரின் நேர் எதிரே கற்றையாகப் பாயும், பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவாது. உங்களுக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று ஹையைத் திருகுவீர்கள், நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு ஊசி குத்தும். ஒரு நாற்காலி மேல் ஏற்றி, கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் பெடல் ஸ்டீலுக்கு ஒத்துவருமா சார்?

தாராளமாக. 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், சுத்தமான சத்தம் நிறைய கிடைக்கும். முதுகுவலிதான் உபரி. பிரைட் சுவிட்சை அணைத்துவிடுங்கள், முதல் வேலை அது. ஃபெண்டர் டோன் சர்க்யூட்டில் எல்லா நாபும் ஐந்தில் இருந்தாலே மிட் பள்ளமாகத்தான் இருக்கும். அதனால் பீவியில் செய்வதற்கு நேர் எதிராக இதில் மிட்டை ஏற்ற வேண்டும். நான் வைப்பது ட்ரெபிள் 5, மிட் 6 அல்லது 7, பேஸ் 3, ரிவெர்ப் (எதிரொலி) 2. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் அசையும் என்பதால் மூன்றையும் இரண்டு சுற்று பார்க்க வேண்டும். ஸ்டீல் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் சுருள்கள்) சாதா கிதார் பிக்கப்பை விட நிறைய சுற்று சுற்றியவை, சிக்னல் பலமாக வரும். ஆம்பின் முதல் உள்ளீட்டுக் குழியில் செருகி ஒலி உடைந்தால் இரண்டாவதில் செருகுங்கள், பாதியாகக் குறையும்.

வால்யூம் பெடலைக் குறைச்சா சத்தத்தோட சேர்ந்து டோனும் மங்குதே?

ஆமாம், சாதா 500 கே பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) உள்ள பெடலில் அது நடக்கும். பிக்கப்பில் வரும் ட்ரெபிளைப் பாட்டும் கேபிளும் சேர்ந்து தின்றுவிடும். பெடலுக்கு முன் ஒரு பஃபர் (சிக்னல் தேயாமல் காக்கும் சிறு சர்க்யூட்) போட்டால் தீர்ந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: பெடலை முழுக்க மிதித்து வைத்துக்கொண்டு ஆம்ப் வால்யூமை வைக்காதீர்கள். பாதி மிதியில் வழக்கமான சத்தம் வர வேண்டும். மீதிப் பாதி, நோட் தேயத் தேய மிதித்து நீட்டுவதற்கான இருப்பு. ஸ்டீல்காரர்கள் வாட்டுக்கு அலைவதும் இதற்காகத்தான். டோனையும் பாதி மிதியிலேயே வையுங்கள், பாதி நேரம் கால் அங்கேதானே இருக்கப்போகிறது.

தனியா வாசிச்சா அழகு. பேண்டோட வாசிச்சா நான் இருக்கிறதே தெரியலை. ட்ரெபிள் ஏத்தியும் பிரயோஜனமில்லை.

மேலே சொன்னேனே, மிட்டை அடி வரை இறக்கிய ஆள் நீங்கள்தான். பாஸ் கிதாரும் கிக் டிரம்மும் கீழே உட்கார்ந்திருக்கும், சிம்பல் மேலே. உங்களுக்கென்று மிச்சம் இருப்பது நடுவில்தான், அதையும் வெட்டி எறிந்தால் எங்கே நிற்பீர்கள்? கொஞ்சம் மிட்டைத் திருப்பிக் கொடுங்கள், பேஸைக் குறையுங்கள், ரிவெர்பையும்தான். ஈ9 என்ற வழக்கமான சுருதியமைப்பில் அடிக்கம்பியே 123 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் பேஸ் குறைந்து பெரிதாக எதுவும் இழக்கப்போவதில்லை. தனியாகக் கேட்டால் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும் டோன்தான் பேண்டில் சரியாக உட்காரும், என் அனுபவம் அது.

இரட்டைக் கழுத்து ஸ்டீலில் சி6 சுருதி வைத்த கழுத்துக்கும் இதே செட்டிங்கா?

அதில் அடிக்கம்பி 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பேஸை இன்னும் ஒரு புள்ளி குறைத்தால் போதும்.

சேக்ரட் ஸ்டீல் மாதிரி உடைந்த ஒலி வேணும். டிரைவ் பெடலை எங்கே போடறது?

வால்யூம் பெடலுக்குப் பின்னால் போட்டால் காலைத் தூக்கும்போது ஒலி சுத்தமாகும், மிதித்தால் கத்தும். முன்னால் போட்டால் எந்தச் சத்தத்திலும் ஒரே அளவு உடைப்பு. ஹவுஸ் ஆஃப் காட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபைகளில் வளர்ந்த அந்த சேக்ரட் ஸ்டீல் பாடகரோடு போட்டி போட்டு அழுகிற பாணி, அதனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். மூன்று கம்பியைச் சேர்த்து அடிக்காதீர்கள், கூழாகிவிடும்.

எல்லாம் பண்ணிட்டேன், இன்னும் கீச்சுன்னு இருக்கு. பிக்கப் மாத்தலாமா?

உங்கள் வலது கை எங்கே இருக்கிறது? பிக்கப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மீட்டினால் எந்த ஆம்பும் கீச்சிடும். கையை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு அதே வரியை வாசித்துப் பாருங்கள். அப்புறமும் கீச்சிட்டால் எழுதுங்கள், பிக்கப் பற்றிப் பேசலாம்.