டிராப்டவுன் மெனு எல்லா பிரவுசரிலும் ஒழுங்காகத் திறக்க: ஹோவரை நம்பாதீர்கள், பட்டன் வையுங்கள்

கேள்வி இதுதான்: குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் ஒரு கடைக்கு வலைத்தளம் செய்துகொண்டிருக்கிறீர்கள். மேலே உள்ள டிராப்டவுன் மெனு கணினியில், குரோமில் நன்றாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் தொட்டால் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. ஐபோனில் திறந்த மெனு, வெளியே எங்கே தொட்டாலும் மூட மாட்டேன் என்கிறது. சில பக்கங்களில் பேனர் படத்துக்கு அடியில் போய்விடுகிறது. பிரவுசருக்கு ஒன்றாகத் தனித்தனி சிஎஸ்எஸ் எழுத வேண்டுமா?

வேண்டாம். நான் கம்பத்தில் இருந்துகொண்டு, மலைக்கு மேலேயும் கீழேயும் உள்ள கடைகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் இதே வேலையைத்தான் செய்கிறேன். பார்த்தவரையில், இன்றைய பிரவுசர்கள் பக்கத்தை வரைவதில் பெரிதாக வேறுபடுவதில்லை. மவுஸ், விரல், கீபோர்டு என்று மூன்று விதமாக மெனுவைத் தொடுகிறார்களே, அதை ஒவ்வொரு பிரவுசரும் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் சிக்கல் வருகிறது. உங்கள் மூன்று புகாரில் இரண்டு அந்த வகை.

முதலில் ஆண்ட்ராய்டு. உங்கள் ஸ்கிரிப்டில் மவுஸ் உள்ளே வந்தால் திற (இதுதான் ஹோவர்) என்று ஒரு வரியும், கிளிக் செய்தால் திறந்திருப்பதை மூடு, மூடியிருப்பதைத் திற என்று இன்னொரு வரியும் இருக்கும் என்று நினைக்கிறேன். போனில் மவுஸ் கிடையாது. ஆனால் பழைய தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருமுறை விரலால் தொட்டாலே பிரவுசர் தானாக ஒரு வரிசையை ஓட்டும்: மவுஸ் மேலே வந்தது, அழுத்தியது, எடுத்தது, கடைசியில் கிளிக். மவுஸ் வந்தது என்றதும் மெனு திறக்கும். அடுத்த நொடிக்குள் கிளிக் வந்து அதையே மூடிவிடும். ஐபோன் சஃபாரி இதில் வேறு மாதிரி. மவுஸ் வந்ததாகச் சொன்னதும் பக்கத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தால், கிளிக்கை அனுப்பாமல் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் அங்கே மெனு திறந்து நிற்கிறது.

மெனுவின் தலைப்பே ஒரு லிங்க்காக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது ஜீப்பில் உட்கார்ந்து ஒருவர் உங்கள் தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். 8 மில்லிமீட்டர் ஏலக்காய் என்ன விலை என்று பார்க்க 'ஏலக்காய்' என்ற தலைப்பைத் தொடுகிறார். ஆண்ட்ராய்டில் உள்மெனு ஒரு கணம் மின்னும், அதற்குள் தலைப்பின் லிங்க் வேலை செய்து வேறு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அடுத்த பக்கம் திறப்பதற்குள் மலை ஏற்றமே முடிந்திருக்கும், அவர் கேட்டது கிடைத்திருக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன? தலைப்பை லிங்க்காக வைக்காமல் உண்மையான பட்டன் டேக்காக வையுங்கள். அதற்குப் பக்கத்தில் சாதாரண யுஎல் பட்டியல், உள்ளே லிங்க்குகள். பட்டனில் ஏரியா-எக்ஸ்பாண்டட் என்ற பண்பைப் போட்டு, கிளிக் ஆகும்போது அதன் மதிப்பை மட்டும் ட்ரூ, ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். பட்டியலைக் காட்டுவதா மறைப்பதா என்பதை சிஎஸ்எஸ் அந்தப் பண்பைப் பார்த்தே முடிவு செய்யட்டும். திறந்திருக்கிறதா என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருக்க வேண்டும். கிளாஸ் பெயர் ஒன்று சொல்ல, ஸ்கிரிப்டில் உள்ள மாறி வேறொன்று சொல்ல ஆரம்பித்தால் எந்தப் பிரவுசரிலும் நிம்மதி கிடையாது. பட்டன் என்பதால் என்டர், ஸ்பேஸ் இரண்டும் தானாகவே வேலை செய்யும். திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் திறந்திருப்பது தெரியும். ரோல் என்ற பண்பில் மெனு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் கணினி மென்பொருளில் இருப்பது போல அம்புக்குறி விசைகளால் நகர முடியும் என்று அவர்கள் எதிர்பார்ப்பார்கள். வலைத்தளத்துக்கு அது தேவையில்லை.

ஹோவர் வேண்டவே வேண்டாமா? கடைக்காரருக்கு அது பிடித்திருந்தால் வைக்கலாம், மவுஸுக்கு மட்டும். மவுஸ் என்டருக்குப் பதிலாக பாயிண்டர் என்டர் நிகழ்வைப் பிடித்து, பாயிண்டர் டைப் மவுஸ்தானா என்று பார்த்துவிட்டுத் திறங்கள். ஹோவர் வைத்தால் பட்டனுக்கும் பட்டியலுக்கும் நடுவே மார்ஜின் விடாதீர்கள். அந்த நாலு பிக்சல் இடைவெளியைக் கடப்பதற்குள் மெனு மூடிவிடும். இடைவெளி வேண்டுமென்றால் பட்டியலின் பேடிங்கில் கொடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால் கிளிக் மட்டும் போதும். கணினியிலும் போனிலும் ஒரே நடத்தை, சோதிக்கவும் சுலபம்.

அடுத்து ஐபோன். வெளியே தொட்டால் மூட வேண்டும் என்று டாகுமெண்டில் கிளிக் நிகழ்வுக்குக் காத்திருக்கிறீர்கள் அல்லவா? ஐபோன் சஃபாரியில் லிங்க்கோ பட்டனோ இல்லாத வெறும் இடத்தைத் தொட்டால் அந்தக் கிளிக் பெரும்பாலும் டாகுமெண்ட் வரை வந்து சேராது. பாயிண்டர் டவுன் நிகழ்வுக்கு மாறுங்கள், 2019-ல் வந்த சஃபாரி 13 முதல் அது இருக்கிறது. தொட்ட இடம் மெனுவுக்குள் இல்லையென்றால் மூடு, அவ்வளவுதான். கூடவே எஸ்கேப் விசைக்கு மூடி, ஃபோகஸை (கீபோர்டு இப்போது நிற்கும் இடத்தை) பட்டனுக்கே திருப்பிக் கொடுங்கள்.

இணையத்தில் சிலர் ஸ்கிரிப்டே இல்லாமல் ஃபோகஸ்-விதின் (உள்ளே எதற்காவது ஃபோகஸ் இருந்தால் செயல்படும் சிஎஸ்எஸ் விதி) மட்டும் வைத்து முடித்துவிடலாம் என்று எழுதுகிறார்கள். குரோமில் அழகாக வேலை செய்யும். மேக் கணினியில், ஐபோனில் உள்ள சஃபாரி, பட்டனைக் கிளிக் செய்தால் அதற்கு ஃபோகஸ் கொடுப்பதில்லை. மெனு திறக்கவே திறக்காது. ஐபோனில் குரோம் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் திறக்கவில்லை என்பார்கள். அதுவும் உள்ளே சஃபாரியின் வெப்கிட் இன்ஜின்தான்.

பழைய கட்டுரைகளையும் கவனமாகப் படியுங்கள். 2001-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, லிங்க்குகளுக்கு மட்டும்தான் ஹோவரை ஒப்புக்கொண்டது, பட்டியல் வரிகளுக்கு இல்லை. அதைச் சுற்றிப்போக 2003 வாக்கில் எழுதிய தந்திரங்கள் இன்னும் தேடலில் வருகின்றன. எக்ஸ்புளோரர் 11-க்கே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஆதரவை நிறுத்திவிட்டது. அவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம்.

பேனருக்கு அடியில் போவது ஸ்டாக்கிங் காண்டெக்ஸ்ட், அதாவது எது எதற்கு மேல் அடுக்கப்படும் என்ற சமாச்சாரம். மெனுவுக்கு இசட்-இண்டெக்ஸ் 9999 கொடுத்திருப்பீர்கள். ஆனால் அந்த எண் தன் பெட்டிக்குள் மட்டும்தான் செல்லும். ஹெடரில் டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், 1-க்குக் குறைந்த ஒபாசிட்டி இவற்றில் ஏதாவது இருந்தால் ஹெடரே தனிப்பெட்டி ஆகிவிடும். பக்கத்தில் அதற்குப் பின்னால் வரும் பேனரும் ஸ்லைடர் அசைவுக்காக டிரான்ஸ்ஃபார்ம் வைத்திருக்கும். இரண்டில் பின்னால் எழுதப்பட்டது மேலே வரும். அதனால் எண்ணை மெனுவுக்குக் கொடுக்காமல் ஹெடருக்குக் கொடுங்கள்: பொசிஷன் ரிலேட்டிவ், இசட்-இண்டெக்ஸ் 10 போதும். ஹெடரில் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மெனுவை வெட்டிவிடும். பாப்ஓவர் என்ற புது வசதி இந்தத் தலைவலியை அடியோடு தீர்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் திறக்கும். குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் உண்டு. நம் வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும் பழைய போன்களை நினைத்து நான் இன்னும் அதை மட்டுமே நம்பிச் செய்வதில்லை.

இனி நம் ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒன்று. உங்கள் தளத்தில் தமிழும் மலையாளமும் இருக்கும். விண்டோஸ் நிர்மலா எழுத்துருவில் காட்டும், ஆப்பிள் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் நோட்டோ. ஒரே 'ஜாதிபத்திரி' ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அகலம். பட்டியலுக்கு 150 பிக்சல் என்று அகலத்தை இறுக்கிக் கட்டினால் எங்காவது ஒரு போனில் சொல் பாதியில் உடையும். குறைந்தபட்ச அகலம் மட்டும் கொடுத்து, மேக்ஸ்-வித்தைத் திரை அகலத்தோடு நிறுத்துங்கள். லைன்-ஹைட் 1 என்று வைத்தால் எழுத்தின் மேலே உள்ள புள்ளியும் சுழியும் கீழே இறங்கும் கோடுகளும் வெட்டுப்படும், மலையாளத்தில் இது இன்னும் கண்ணை உறுத்தும். 1.5 நன்றாக இருக்கும். வலது ஓரத்து மெனுவுக்கு இடதை விட்டுவிட்டு, ரைட் 0 கொடுங்கள். இல்லையென்றால் பட்டியல் திரைக்கு வெளியே போய், பக்கமே பக்கவாட்டில் ஆடும்.

மூடியிருக்கும் பட்டியலை வெறும் ஒபாசிட்டி 0 வைத்து மறைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத லிங்க்கில் விரல் படும், டேப் விசையும் உள்ளே போய்த் தொலையும். விசிபிலிட்டி ஹிடனும் சேர்த்துக் கொடுங்கள். அந்த மறைக்கும் விதி, ஸ்கிரிப்ட் ஓடி எச்டிஎம்எல் டேகில் ஒரு கிளாஸ் சேர்த்த பிறகுதான் செயல்பட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் பலர் இந்த வழியாகவும் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். சிக்னல் அரைகுறையாக இருந்து ஸ்கிரிப்ட் வராமல் போனால், பட்டியல் விரிந்தபடியே தெரியட்டும். அழகு குறையும், ஆனால் தேடி வந்தவருக்கு வழி இருக்கும்.

உயரமான மெனுவுக்கு மேக்ஸ்-ஹைட்டும் ஸ்க்ரோலும் வேண்டும். ஐபோனில் 100விஎச் என்பது முகவரிப் பட்டையையும் சேர்த்த உயரம், கடைசி வரி அதற்கடியில் சிக்கிக்கொள்ளும். முதலில் விஎச் வரியும் அதற்குக் கீழே டிவிஎச் (பட்டைக்கேற்ப மாறும் உயரம்) வரியும் எழுதுங்கள். 2022-க்கு முந்தைய பிரவுசர்கள் இரண்டாவதைப் புரியாமல் விட்டுவிடும். ஒவ்வொரு வரியும் 44 பிக்சல் உயரமாவது இருக்கட்டும்.

சோதிக்கும்போது குரோமின் போன் மாதிரித் திரையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். உண்மையான ஐபோன் ஒன்று, விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்று, கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், பிறகு மவுஸைத் தொடாமல் கீபோர்டால் மட்டும் ஒரு சுற்று. மேக் சஃபாரியில் டேப் விசை லிங்க்குகளைத் தாண்டிப் போனால் பதற வேண்டாம், அங்கே அமைப்பே அப்படித்தான், செட்டிங்ஸில் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் பேனர் சிக்கல் மட்டும் நின்றால், ஹெடருக்கும் பேனருக்கும் உள்ள சிஎஸ்எஸ் வரிகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.