பெர்ரிப் பழங்கள் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, விலை கொடுத்துப் புளூபெர்ரி வாங்கத்தான் வேண்டுமா?

நல்லதுதான். ஆனால் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. புளூபெர்ரியே வேண்டும் என்பதும் இல்லை. நான் மருத்துவன் அல்ல. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இந்தப் பழங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

நாவல்பழம் தின்றால் நாக்கில் ஊதா ஒட்டிக்கொள்கிறதே, அந்தச் சாயம்தான் ஆந்தோசயனின். புளூபெர்ரியின் கருநீலமும் ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பும் அதே வகைதான். இரத்தக் குழாய்களுக்கு இது நல்லது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்கள் சுமார் 93,600 பேரை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2013-இல் வெளியானது. ஸ்ட்ராபெர்ரியும் புளூபெர்ரியும் வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் சாப்பிட்டவர்களிடம், அபூர்வமாகச் சாப்பிட்டவர்களைவிட மாரடைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாம். பழம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பழத்துக்குப் பணம் செலவழிப்பவர் நடைப்பயிற்சியும் போவார், சிகரெட்டும் தொடமாட்டார். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் பார்த்தார்கள். ஆனாலும் முழுதாகக் கழித்துவிட முடிகிற விஷயமா இது?

எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்கள் சிதையாமல் காக்கும் என்று சொல்லப்படும் பொருள்) ஆற்றல் என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2012-இல் அவர்களே அதை நீக்கிவிட்டார்கள். சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் நிரூபணமாகவில்லை. கம்பெனிகளோ அந்த எண்ணைக் காட்டியே விற்றுக்கொண்டிருந்தன. பட்டியல் போனது, டப்பா மேல் வாசகம் மட்டும் போகவில்லை.

கிரான்பெர்ரி தனிக் கதை. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கிறது. கிருமி சிறுநீர்ப் பையின் சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது என்பது விளக்கம். வந்துவிட்ட தொற்றுக்கு அது மருந்தல்ல, மருத்துவரிடம்தான் போக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். கடையில் கிடைக்கும் உலர்ந்த கிரான்பெர்ரி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: பழத்துக்கு அடுத்த பெயர் பெரும்பாலும் சர்க்கரைதான். உலர்த்தாத பழத்தில் 100 கிராமுக்கு 4 கிராம் சர்க்கரை, வாயில் வைக்க முடியாத புளிப்பு. இனிப்பேற்றி உலர்த்தியதில் அது 60 கிராமைத் தாண்டிவிடும்! 'சத்து' என்று நினைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஏறக்குறைய மிட்டாயைத்தான்.

வைட்டமின் சி-க்காக என்றால் புளூபெர்ரி வீண் செலவு. 100 கிராமில் 10 மில்லிகிராம் தேறும். பெரிய நெல்லிக்காயில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது, விலையும் அடிமட்டம். அம்மா ஆனி, ஆடியில் நாவல்பழம் ஒரு கைப்பிடி, உப்பில் குலுக்கிச் சாப்பிடுவார். நாவல் கொட்டைப் பொடி போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

ஆசைக்குத்தான் புளூபெர்ரி என்றால், உறைய வைத்த பாக்கெட் பெரும்பாலும் மலிவு, சத்தும் பெரிதாகக் குறையாது. புதிதாக வாங்கினால் கழுவாமல் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். ஈரத்தோடு வைத்தால் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும்.